மூன்றாம் மெட்டுக்கும் நான்காம் மெட்டுக்கும் நடுவே

நியூஃபவுண்ட்லாந்தில் மார்ச் என்பது
பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வந்த ஜனவரி.
பனி ஒதுக்கும் லாரி ஓட்டுகிறேன்.
வானம் கொட்டாத இரவில் கூலி இல்லை,
கொட்டிய இரவில் தூக்கம் இல்லை.
கொட்டுமா கொட்டாதா என்கிற இரவுகளுக்கு
இந்தக் கிதார்.

பாட்டு இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.
உப்பேற்றி வந்த பாய்க்கப்பல்
கரை விளக்கைப் பார்த்துக்கொண்டே
கரை சேராமல் போன கதை.
கல்யாணத்துக்கும் அதுதான், கருமாதிக்கும் அதுதான்.
ஆளுக்கொரு விதமாக வாசிப்பார்கள்.
கேட்டால்,
"கிட்டத்தட்ட இப்படித்தான்."

கிட்டத்தட்ட என்ற சொல்லோடு எனக்குப் பகை.
லாரியைக் கிட்டத்தட்ட ஓட்டினால்
யார் வீட்டுத் தபால்பெட்டியோ பறந்துபோகும்.

மூலம் ஒன்றே ஒன்று. பழைய ஒலிநாடா.
உறையில் பென்சில் எழுத்து:
"திருமதி ஹாலெட், சமையலறை."
ஆண்டு இல்லை.
குரலுக்கு மிஞ்சினால் பதினெட்டு வயது.
அதற்குள் திருமதியா என்று நினைத்ததோடு சரி.

டிசம்பர் முழுக்கக் கட்டைவிரலுக்கே போயிற்று.
ஐந்தாம் தந்தி, நான்காம் தந்தி,
ஐந்து, நான்கு,
செக்குமாடு மாதிரி அது சுற்றிக்கொண்டே இருக்க
சுட்டுவிரலும் நடுவிரலும்
இடுக்குகளில் புகுந்து தம் போக்கில் ஓட வேண்டும்.
ஒரே கையில் இரண்டு குடித்தனம்,
பேச்சுவார்த்தை கிடையாது.

ஜனவரியில் விரல் நுனி காய்த்தது. வந்தது தகராறு.
மூன்றாம் மெட்டில் கேபோ மாட்டினால்
நாடா ஒரு மயிரிழை மேலே நிற்கிறது.
நான்காம் மெட்டில் மாட்டினால்
கீழே இறங்கிவிடுகிறது.
நண்டு ஆலை சிரில் ஸ்னூக் சிரித்தான்:
"தந்தியைக் கொஞ்சம் முறுக்கித் தொலையேன்!"
முறுக்கலாம்.
மெட்டே இல்லாத இடத்தில்
ஒருத்தி எப்படி இந்த மெட்டை வாசித்தாள்
என்பதற்கு அது பதிலாகாது.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி, பாட்டுக்கு முன்னால்
வெறுமனே ஓடும் நாடாவைக் கேட்டேன்.
அடுப்பு மூடியின் கிணுக்கு.
யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள்.
அதற்கும் பின்னால், சுவரோரம்,
ஊசல் கடிகாரம்.
எண்ணினேன்.
நிமிடத்துக்கு எழுபத்து மூன்று.

எங்கள் கடற்கரையில்
இவ்வளவு அவசரப்படும் கடிகாரத்தை
நான் பார்த்ததில்லை.
பதிவுப் பெட்டியில் மின்கலம் செத்துக்கொண்டிருந்திருக்கிறது.
நாடா தளர்ந்து சுற்றிப் பதிந்ததெல்லாம்
நல்ல பெட்டியில் துள்ளி ஓடுகிறது.
கடிகாரம் அறுபதுக்கு வரும்வரை
வேகத்தைக் குறைத்தேன்.

கேபோவே வேண்டியிருக்கவில்லை.
வெறுந்தந்தி.
பதினெட்டு வயதுப் பெண் எழுந்து போய்விட்டாள்.
அவள் நாற்காலியில்
ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி,
தொண்டையில் புகை,
உப்பு என்ற சொல்லை
எடை பார்த்து இறக்கி வைக்கிறாள்.
நெடுநேரம் கிதாரைத் தொடவில்லை நான்.

அந்த நிதானத்தில்தான் இன்னொன்றும் கேட்டது.
ஒவ்வொரு சரணத்திலும் "விளக்கு" வந்ததும்
கட்டைவிரல் ஓர் அடியை விட்டுவிடுகிறது.
தவறு என்றுதான் எல்லோரும் அங்கே
ஓர் ஐந்தாம் தந்தியைப் போட்டு அடைத்திருக்கிறார்கள்.
ஒன்பது சரணம். ஒன்பது முறையும்
அதே இடம்.
அந்த ஓட்டையில் கேட்பது
கடிகாரம் மட்டும்.

அடிக்கக் கற்க மூன்று மாதம்.
அடிக்காமல் இருக்க
இன்றோடு ஐந்து வாரம்.
விரல் தந்திக்கு மேலே வந்து
மோப்பம் பிடிக்கும் நாய்போல் நிற்கும்.
வேண்டாம் என்பேன்.
பத்தில் எட்டு முறை அடித்துவிடும்.

நேற்று பின்னிரவு மூன்றரை.
ஒன்பது சரணமும் ஒரே மூச்சில்.
ஒன்பது இடத்திலும் விரல் காற்றில் நின்றது.
கை நடுங்கியது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

படுக்கையறையிலிருந்து வெர்னா,
பாதித் தூக்கத்தில்:
"லியாண்டர்,
ஒண்ணு விட்டுட்ட."

ஜன்னலில் பனி விழத் தொடங்கியிருந்தது.
சாவியைத் தேடினேன்.